ஆய்வுகூட அலுமாரி முழுக்க மண்டையோட்டுச் சின்னம்: எதற்கு எவ்வளவு பயப்படுவது?

மண்சாடி கேட்டது:

வணக்கம். மலையகத்தில் தேயிலை, மண் பகுப்பாய்வு செய்யும் ஆய்வுகூடம் ஒன்றில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1400 மீற்றர் உயரம். இரசாயன அலுமாரியை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள்.

உள்ளே இருப்பவை: 48 சதவீத ஐதரோபுளோரிக் அமிலம் ஒரு போத்தல். பொட்டாசியம் சயனைட் 250 கிராம் போத்தல், அரைவாசி மிச்சம், லேபல் மங்கிவிட்டது, மூடியைச் சுற்றி வெள்ளைப் படிவு. சோடியம் அசைட். பழைய நைதரசன் பகுப்பாய்வுக்கு வாங்கிய மேர்கியூரிக் ஒட்சைட்டு. பீடைகொல்லி எச்சம் பார்ப்பதற்கான ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) குப்பிகள்: அல்டிகார்ப், பரத்தியன், பரகுவட். எல்லாவற்றிலும் அதே மண்டையோடு. எஸ்டிஎஸ் எனும் பாதுகாப்புத் தரவுத் தாள்களைத் திறந்தால் எல்லாவற்றிலும் ஒரே வசனம்தான், கையுறை அணியவும், காற்றோட்டமான இடத்தில் கையாளவும்.

இவற்றில் எது உண்மையிலேயே ஆளைக் கொல்லும், எது பேருக்கு மட்டும் பயங்கரம் என்று எப்படிப் பிரிப்பது? சாதாரண நைட்ரைல் கையுறை போதுமா? பழைய பியூம் கபட் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் அடைப்பு) ஒன்று இருக்கிறது, டிஷ்யூ கல்ச்சர் பகுதியில் புத்தம் புதிய லெமினார் புளோவும் இருக்கிறது. புதியதைப் பயன்படுத்தினால் நல்லதா?

பெறுமானம் எழுதியது:

தங்கச்சி, மண்டையோட்டை வைத்துத் தரம் பிரிக்க முடியாது. ஜிஎச்எஸ் எனும் உலகப் பொது லேபல் முறையில், ஒரு கிலோ உடல் எடைக்கு 1 மில்லிகிராமே போதும் என்ற பொருளுக்கும் அந்தச் சின்னம்தான், 300 மில்லிகிராம் வேண்டும் என்ற பொருளுக்கும் அதே சின்னம்தான். சின்னத்துக்குப் பக்கத்திலுள்ள எச் இலக்கத்தைப் பாருங்கள். எச் 300 விழுங்கினால் மரணம், எச் 310 தோலில் பட்டால் மரணம், எச் 330 சுவாசித்தால் மரணம். 301, 311, 331 என்றால் ஒரு படி கீழே. ஆய்வுகூடத்தில் யாரும் போத்தலை எடுத்துக் குடிக்கப் போவதில்லை, ஆகவே 310, 330 இரண்டில் ஒன்றாவது இருப்பதை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் பட்டியலில் ஐதரோபுளோரிக் அமிலத்துக்கு மூன்றுமே உண்டு.

அடுத்தது, எல்டி 50, அதாவது சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, என்ற ஒற்றை எண்ணில் மயங்க வேண்டாம். அல்டிகார்ப் எலிக்கு வாய்வழியாகக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் கொல்லும். பட்டியலிலேயே மிகக் கடுமையான எண் அதுதான். ஆனால் அது ஆவியாகாத திண்மம், உங்களிடம் இருப்பது சின்னக் குப்பி. பரகுவட்டின் எண் எலிக்கு 100 மில்லிகிராமுக்கு மேல், தாளில் பார்த்தால் சாது. ஆனால் உடலுக்குள் போய்விட்டால் முறிமருந்து கிடையாது, நுரையீரல் நாட்கணக்கில் தழும்பாகிப் போகும். பயத்தை முடிவு செய்பவை நான்கு: எந்த வழியாக உள்ளே போகும், எவ்வளவு எளிதில் காற்றில் கலக்கும், அறிகுறி உடனே தெரியுமா தாமதமாகுமா, சிகிச்சை இருக்கிறதா. உங்கள் இடத்தில் ஐந்தாவதும் உண்டு, வைத்தியசாலைக்கு எத்தனை நிமிடம்.

எஸ்டிஎஸ்ஸின் 16 பகுதிகளையும் வரிசையாக வாசிக்க வேண்டியதில்லை. 2 (ஆபத்து), 9 (ஆவியமுக்கம், கொதிநிலை), 10 (எதனுடன் சேரக்கூடாது), 4 (முதலுதவி), இந்த ஒழுங்கில் வாசித்து ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்க அட்டை எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். போத்தல் கழுவுகிறவரும் தரை துடைக்கிறவரும் வாசிக்க முடியாத அட்டையால் பயனில்லை.

குளிர்காற்று எழுதியது:

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. ரெண்டு சோடி கையுறை, ஒரு என் 95 மாஸ்க் போட்டால் சரி. வேலை முடிந்ததும் ஒரு கிளாஸ் பால் குடிப்பது எல்லா லேப்பிலும் வழக்கம்தானே.

எச்சப்பகுப்பு எழுதியது:

தம்பி, என் 95 தூளைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. ஐதரசன் சயனைட்டோ எச்எப் (ஐதரோபுளோரிக் அமில) ஆவியோ அதனூடாகத் தடையின்றிப் போகும். நுரையீரல் வழியாக இரத்தத்துக்குப் போனதைப் பால் ஒன்றும் செய்யாது. அதைவிட மோசம், பால் கிளாஸ் ஆய்வுகூடத்துக்குள் வந்துவிடுகிறது.

ரெண்டு சோடி என்பதும் எந்தக் கையுறை என்பதைப் பொறுத்தது. 1996 ஓகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் டைமீதைல்மேர்கியூரி என்ற பாதரசச் சேர்மத்தை எடுத்தபோது சில துளிகள் லேட்டெக்ஸ் கையுறை மேல் விழுந்தன. பியூம் கபட்டில்தான் வேலை செய்தார், கையுறையும் போட்டிருந்தார். அந்தத் திரவம் லேட்டெக்ஸை 15 செக்கனுக்குள் ஊடுருவும் என்பது பின்னர் சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நடை தடுமாறியது, பேச்சுக் குழறியது எல்லாம் மாதக்கணக்கில் கழித்து. 1997 ஜூனில் இறந்தார். அன்று முதல் அந்தப் பொருளுக்குப் பல அடுக்கு பிளாஸ்டிக் படலக் கையுறையை உள்ளே போட்டு, மேலே நீளமான தடித்த கையுறை என்று மாறியது.

உங்கள் வேலையில் இதே சிக்கல் கரைப்பானில் வரும். மெல்லிய நைட்ரைல், தண்ணீரில் கரைந்த பொருளுக்கு நல்லது. டைகுளோரோமீதேன் ஓரிரு நிமிடத்தில் ஊடுருவிவிடும், அசற்றோனும் அதிக நேரம் நிற்காது. பரத்தியனை அசற்றோனில் கரைத்து வைத்திருந்தால் கையுறை தடுக்க வேண்டியது அசற்றோனை, அது போகும்போது பரத்தியனையும் கூட்டிக்கொண்டு போகும். டிஎம்எஸ்ஓவில் கரைத்தவை இன்னும் மோசம், தோலைத் தாண்டுவதில் அந்தக் கரைப்பான் கெட்டிக்காரன். மெல்லிய கையுறையைத் தெறிப்புக் காப்பாக மட்டும் எண்ணுங்கள். துளி பட்டால் உடனே கழற்றி, கை கழுவி, புதியது போட வேண்டும். ஒரே கையுறையோடு கதவுக் கைபிடி, பேனா, போன் எல்லாம் தொடுவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிற தவறு.

ஸ்டாண்டர்ட்களைத் தூளாக வாங்காமல் கரைசலாக, ஒரு மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் போல, அம்பியூலில் வாங்கச் சொல்லுங்கள். நிறுக்கும் வேலையே இல்லாமல் போகும். ஏற்கெனவே தூள் இருந்தால் அதைத் தராசில் கொட்டாதீர்கள். 10 மில்லிகிராம் குப்பி என்றால் உள்ளடக்கம் முழுவதையும் கரைத்துவிடலாம்: பியூம் கபட்டுக்குள் குப்பியிலேயே கரைப்பானை விட்டு, கரைந்ததும் கனமானக் குடுவைக்கு மாற்றி, குப்பியை மூன்று முறை அலசி அதையும் சேர்த்து, குறிவரை நிரப்புவது. நிறுத்தே ஆக வேண்டுமானால், மூடிய வெற்றுக் குப்பியை வெளியே தராசில் நிறுத்து, கபட்டுக்குள் தூளை இட்டு மூடி, மறுபடி நிறுத்து வித்தியாசம் எடுங்கள். தராசைக் கபட்டுக்குள் வைத்தால் காற்றோட்டத்தில் எண் நிலைக்காது, தூளும் பறக்கும்.

பரத்தியன், அல்டிகார்ப் இரண்டும் கொலினெஸ்டரேஸ் நொதியைத் தடுப்பவை. வேலை தொடங்கும் முன் இரத்தத்தில் அந்த நொதியின் அளவை ஒரு முறை எடுத்து வைத்தால், பிறகு சந்தேகம் வரும்போது ஒப்பிட ஏதாவது இருக்கும். கண்மணி சுருங்குவது, எச்சில், வியர்வை, நெஞ்சு இறுக்கம் எல்லாம் அறிகுறி. இதில் நம் நாட்டு வைத்தியசாலைகளுக்குக் கைப்பழக்கம் அதிகம், முறிமருந்தான அத்திரோப்பின் சிறிய வைத்தியசாலையிலும் இருக்கும். பரகுவட் அப்படியல்ல. அதற்கு ஒட்சிசன் தாராளமாகக் கொடுத்தாலே நுரையீரல் சேதம் கூடும், ஆகவே என்ன பட்டது என்பதைச் சரியாகச் சொல்லி அனுப்புவது முக்கியம். 2008 முதல் 2011 வரை படிப்படியாக அது இலங்கைச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டாலும் எச்சப் பகுப்புக்கு ஸ்டாண்டர்ட் தேவைப்படுகிறது.

படிவக்கல் எழுதியது:

ஐதரோபுளோரிக் அமிலத்தைப் பற்றி நான் எழுதுகிறேன், பட்டியலில் எனக்கு அதுதான் முதலிடம்.

மற்ற அமிலங்கள் பட்ட இடத்தைச் சுட்டுவிட்டு நிற்கும். இதில் புளோரைட்டு அயன் தோலுக்குள் இறங்கி, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். முதலில் திசு சாகும், பிறகு எலும்பு. இரத்தக் கல்சியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறி ஆள் போய்விடலாம். செறிந்த அமிலம் உடல் மேற்பரப்பில் 2.5 சதவீத அளவு, அதாவது விரல்களோடு சேர்த்து இரண்டரை உள்ளங்கை அகலத்தில், பட்டே மரணங்கள் நடந்திருக்கின்றன. ஏமாற்றுவது வலி. 50 சதவீதத்துக்கு மேலே என்றால் உடனே எரியும். 20 முதல் 50 வரை ஒன்றிலிருந்து எட்டு மணித்தியாலம் பிந்தலாம். 20க்குக் கீழே ஒரு நாள்கூடப் பிந்தலாம். உங்கள் 48 சதவீதம் நடுவில் இருக்கிறது. காலையில் விரல் நுனியில் பட்டது மாலையில் வீடு போன பிறகு வலிக்கத் தொடங்கும். ஆகவே வலிக்கவில்லை என்பது எதற்கும் சான்றல்ல, பட்டது என்ற சந்தேகமே போதும்.

பட்டால்: உடனே ஓடும் தண்ணீர், உடை கையுறை எல்லாம் தண்ணீருக்குக் கீழேயே கழற்ற வேண்டும். கல்சியம் குளுக்கோனேட் ஜெல் தயாராக இருந்தால் 5 நிமிடக் கழுவல் போதும், இல்லாவிட்டால் குறைந்தது 15 நிமிடம். பிறகு 2.5 சதவீதக் கல்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தாராளமாகப் பூசி, கையுறை போட்ட விரலால் தொடர்ந்து தேய்க்க வேண்டும். வலி அடங்கிய பிறகும் 15 நிமிடம் தேய்த்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் போவது. வலிக்காக மரக்கும் மருந்து பூசக்கூடாது, ஜெல் வேலை செய்கிறதா என்று சொல்வது அந்த வலிதான். கண்ணில் பட்டால் தண்ணீர் மட்டும், ஜெல் கண்ணுக்கு அல்ல.

போத்தலைத் திறக்கும்போது உள்ளே மெல்லிய நைட்ரைல், மேலே முழங்கை வரை வரும் தடித்த நியோபிரீன், பிவிசி ஏப்ரன், கண்ணாடிக்கு மேல் முகத்தடுப்பு. பாத்திரம் எல்லாம் பொலிபுரொப்பிலீன் அல்லது டெப்லோன். கண்ணாடி முகவையை அது அரிக்கும், கண்ணாடிக் கழிவுப் போத்தலில் ஊற்றினால் அடி கழன்றுவிடும். தனியாக ஆள் இல்லாத நேரத்தில் திறக்கக்கூடாது.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கேட்கிறேன்: இந்த அமிலம் உங்களுக்கு எதற்கு? மண்ணிலுள்ள சிலிக்கேற்றை முழுதாக உடைத்து மொத்த உலோகம் பார்க்கத்தான் இது வேண்டும். தேயிலை இலைக்கு நைத்திரிக்கமிலமும் ஐதரசன் பெரொட்சைட்டும் போதும். மண்ணில் செடி எடுக்கக்கூடிய துத்தநாகம், செம்பு தேவையென்றால் டிடிபிஏ பிரித்தெடுப்பு இருக்கிறது. ஒரு வருடத்தில் யாரும் தொடாத போத்தல் என்றால் அதை வைத்திருப்பதே ஆபத்துதான்.

மண்சாடி எழுதியது:

நன்றி அண்ணா. ஜெல் ஆய்வுகூடத்தில் இல்லை. நகரத்துப் பாமசியில் கேட்டால் அப்படி ஒன்று வருவதில்லை என்கிறார்கள். சயனைட் போத்தலைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். அலுமாரியில் அது ஐதரோகுளோரிக் அமிலத்துக்குக் கீழ்த் தட்டில் இருக்கிறது.

படிவக்கல் எழுதியது:

10 சதவீதக் கல்சியம் குளுக்கோனேட் ஊசிமருந்து கிடைக்கும். அதில் 25 மில்லிலீற்றரை, தண்ணீரில் கரையும் வழுக்கு ஜெல் 75 மில்லிலீற்றருடன் கலந்தால் 2.5 சதவீதம். வைத்தியர் அல்லது மருந்தாளரைக் கொண்டு தயாரித்து, திகதி போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அடிக்கடி புதுப்பியுங்கள். கைக்கு, ஜெல் நிரப்பிய பெரிய கையுறைக்குள் கையை விடுவது எளிது. ஜெல் வரும்வரை போத்தலைத் திறக்க வேண்டாம்.

பழையஅலுமாரி எழுதியது:

சயனைட்டை அமிலத்துக்குக் கீழ்த் தட்டிலா! இன்றைக்கே அமிலத்தை நகர்த்துங்கள். சயனைட்டை அல்ல, அமிலத்தை. சயனைட் போத்தலை இப்போதைக்கு அசைக்காமல் விடுவது நல்லது.

இந்தப் போத்தல் ஏன் உங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கிறது என்று ஊகிக்கலாம். பழைய இடிடிஏ நியமிப்பில் செம்பு, துத்தநாகம், நிக்கல் போன்றவற்றை மறைக்கப் போடுவது. அணு உறிஞ்சல் கருவி வந்த இடத்தில் அந்த முறையே தேவையில்லை.

பொட்டாசியம் சயனைட் உப்பாக இருக்கும்வரை ஆவியாகாது. அமிலம் பட்டால் ஐதரசன் சயனைட்டு வாயு. அதன் கொதிநிலை கடல் மட்டத்தில் 26 பாகை, உங்கள் உயரத்தில் 21 பாகையளவில். வளர்ந்தவர் ஒருவரைக் கொல்ல வாய்வழியாக 200 மில்லிகிராம் அளவு உப்பே போதும், வாயுவோ 50 பிபிஎம் (காற்றில் பத்து இலட்சத்தில் 50 பங்கு) வந்தாலே அந்த இடத்தை விட்டு ஓட வேண்டிய அளவு. கசப்பு வாதுமை மணம் வரும் என்று நம்பியிருக்காதீர்கள், பிறவியிலேயே அந்த மணம் தெரியாதவர்கள் கணிசம்.

மலையக மழைக்கு வருகிறேன். மூடி சரியாக இறுகாத போத்தலுக்குள் ஈரம் நுழையும், கூடவே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும். இரண்டும் சேர்ந்து மெல்ல மெல்ல ஐதரசன் சயனைட்டை விடுவிக்கும், மிச்சம் காபனேற்றாக மாறும். மூடியைச் சுற்றியுள்ள வெள்ளைப் படிவு அந்தக் காபனேற்றும் கசிந்த சயனைட்டும் கலந்ததாகத்தான் இருக்கும். ஆகவே படிவைச் சுரண்டுவது, ஈரத்துணியால் துடைப்பது, எவ்வளவு மிச்சம் என்று திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். அமிலத்தை அகற்றிய பிறகு, அறையைக் காற்றாட விட்டு, ஒருவர் பக்கத்தில் நிற்க, கையுறையோடு போத்தலை நேராகத் தூக்கி, அகன்ற மூடியுள்ள உலர்ந்த பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, சுற்றிலும் சிலிக்கா ஜெல் பை போட்டு மூடுங்கள். வாளியில் பெயரும் திகதியும். பூட்டக்கூடிய, அமிலம் இல்லாத அலுமாரி.

நீங்களாக அழிக்கப் போகாதீர்கள். புளீச் ஊற்றினால் சயனைட் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். பிஎச் 10க்கு மேல் பிடித்து வைக்காவிட்டால் நடுவில் சயனோஜன் குளோரைட்டு வாயு வரும், அதுவும் நஞ்சு. நிறுவனத் தலைவர் வழியாக, அபாயக் கழிவு கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களிடம் கொடுப்பதுதான் வழி. மேர்கியூரிக் ஒட்சைட்டையும் அதே பட்டியலில் போடுங்கள், அந்தப் பகுப்பாய்வுக்கு இப்போது செப்புச் சல்பேற்று ஊக்கியே போதும்.

சோடியம் அசைட்டும் சயனைட்டைப் போலவே கலச் சுவாசத்தைத்தான் அடைக்கும், ஆனால் அதற்கு முறிமருந்து இல்லை. கிருமி வளராமல் தாங்கல் கரைசலில் இடுவது 0.02 சதவீதம் என்றால் ஒரு லீற்றரில் 200 மில்லிகிராம். உலோகக் கரண்டியால் எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் போதும். சிங்கில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கும் உப்பாகப் படியும், பின்னொரு நாள் குழாய் திருத்த வருகிறவர் குறட்டால் திருகும்போது வெடிக்கும். அமிலத்தோடும் சேர்க்கக்கூடாது, டைகுளோரோமீதேனோடும் சேர்க்கக்கூடாது. கழிவுக்குத் தனிப் போத்தல்.

காற்றுவழி எழுதியது:

லெமினார் புளோவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதில் நச்சு இரசாயனம் கூடவே கூடாது. அது வடிகட்டிய காற்றைச் செடித் துண்டின் மேல் ஊதி, அங்கிருந்து நேராக உங்கள் முகத்துக்கு அனுப்பும். காப்பாற்றுவது செடியை, உங்களையல்ல.

பியூம் கபட்டுக்கு: முன்கண்ணாடியை 30 முதல் 45 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்து, காற்றின் வேகம் காட்டும் அனிமோமீற்றரால் கபட்டின் வாயில் ஒன்பது இடத்தில் அளவிடுங்கள். சராசரி செக்கனுக்கு 0.4 முதல் 0.5 மீற்றர் வர வேண்டும். கருவி இல்லையென்றால் கண்ணாடியின் கீழ் விளிம்பில் டிஷ்யூத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். உள்ளே சாய்ந்தால் மோட்டார் ஓடுகிறது என்று மட்டும் தெரியும், போதுமா என்று தெரியாது. வேலை விளிம்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் உள்ளே. பின்பக்கத் துவாரங்களை மறித்துப் போத்தல் அடுக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அந்தக் கபட் சேமிப்பு அலுமாரியாகத்தான் இருக்கும்.

குளிர் ஊரில் இரண்டு தொல்லை. கதவு யன்னல் எல்லாம் இறுக்கி மூடினால் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வராது, வேகம் விழும். பக்கத்து யன்னலைத் திறந்தால் தென்மேல் பருவக்காற்று கபட்டின் வாயில் அடித்து உள்ளிருப்பதை வெளியே இழுக்கும். தூரத்து யன்னலைச் சிறிது திறப்பதுதான் சரி. பின்னால் யாராவது வேகமாக நடந்தாலே அந்தக் காற்றசைவு செக்கனுக்கு 0.5 மீற்றருக்கு மேல். மின்சாரம் போனால் கண்ணாடியை முழுதாக இறக்கி, சூடேற்றியை அணைத்து, அறையை விட்டு வெளியேறுங்கள். மின்பிறப்பாக்கியில் விளக்கு எரிகிறது என்பதற்காகக் கபட் ஓடுகிறது என்று நினைக்கக்கூடாது.

கொழும்பிலிருந்து வரும் போத்தலுக்குள் கரையோர அமுக்கம் அடைபட்டிருக்கும், வெளியே இங்கே 86 கிலோபஸ்கால்தான். குளிர்ந்த பிறகும் 10 கிலோபஸ்காலளவு மிகை. செறிந்த ஐதரோகுளோரிக், அமோனியா, கரைப்பான் ஸ்டாண்டர்ட் எல்லாம் முதல் முறை திறக்கும்போது சீறும். கபட்டுக்குள், மூடிமேல் துணி போட்டு, கால் திருப்பு திருப்பி நிறுத்தி, சத்தம் அடங்கிய பிறகு மிச்சம். குளிர் நாட்களில் கிளேசியல் அசற்றிக்கமிலம் 16.6 பாகையில், டிஎம்எஸ்ஓ 18.5 பாகையில் உறையும், அதை உடைக்கக் கம்பி விடாமல் இளஞ்சூட்டு நீரில் வையுங்கள்.

பெறுமானம் எழுதியது:

அட்டையில் கடைசிப் பத்தியாக வைத்தியசாலை. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தோடு, கிட்டிய மாவட்ட வைத்தியசாலைக்கு முன்கூட்டியே போய், எங்களிடம் எச்எப், சயனைட் இருக்கிறது, உங்களிடம் சயனைட் முறிமருந்தான ஐதரொக்சோகோபாலமின் அல்லது சோடியம் தயோசல்பேற்று இருக்கிறதா என்று கேட்டு எழுதி வையுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தேசிய நச்சுத் தகவல் நிலையம் வைத்தியருக்கே ஆலோசனை சொல்லும். ஆளை அனுப்பும்போது கூடப் போக வேண்டியவை: பொருளின் பெயர், செறிவு, பட்ட நேரம், கழுவிய நேரம், எஸ்டிஎஸ் தாள். நனைந்த உடையோடு வாகனத்தில் ஏற்றினால் வளைவுப் பாதை முழுக்க சாரதியும் அதைச் சுவாசிப்பார். உடையை இரட்டைப் பையில் கட்டி ஆய்வுகூடத்திலேயே வையுங்கள். சயனைட் என்றால் வாயோடு வாய் வைத்துச் சுவாசம் கொடுக்கக்கூடாது.

மண்சாடி எழுதியது:

அமிலத்தை இடம் மாற்றியாகிவிட்டது. சயனைட் வாளிக்குள். சேர் எச்எப் போத்தலையும் கழிவுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டார். எடுக்க வருவதற்குச் சில வாரம் ஆகுமாம். அதுவரை மூன்றையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா?

பழையஅலுமாரி எழுதியது:

வேண்டாம் தங்கச்சி. எச்எப்பும் அமிலம்தான், சயனைட்டோடு ஒரே அறையில்கூட இல்லாமல் இருந்தால் நல்லது. அதன் சொந்தப் பிளாஸ்டிக் போத்தலிலேயே, பொலிபுரொப்பிலீன் தட்டில், கண் மட்டத்துக்குக் கீழே, ஜெல்லுக்குப் பக்கத்தில். மேர்கியூரிக் ஒட்சைட்டு தனியாக, வெளிச்சம் படாமல். மூன்றுக்கும் மூன்று அட்டை. எடுக்க வருபவரிடம் போத்தலின் வயது, மூடியின் நிலை, படிவு இருப்பது எல்லாவற்றையும் முதலே எழுத்தில் கொடுங்கள், சயனைட் போத்தலின் படத்தோடு. அதைப் பார்த்துத்தான் எந்தப் பொதியோடு வருவது என்று தீர்மானிப்பார்கள்.